அட்ரியானோ ஒலிவெட்டி

அட்ரியானோ ஒலிவெட்டி (ஏப்ரல் 11, 1901 – பெப்ரவரி 27, 1960) இத்தாலியப் பொறியாளரும் தொழிலதிபரும் ஆவார். இத்தாலியின் சிறு நகரொன்றில் தந்தை தொடங்கிய தட்டச்சுப்பொறித் தொழிற்சாலையை உலகறிந்த அலுவலகக் கருவி நிறுவனமாக வளர்த்தவர். பதிப்பாளர், நகரத் திட்டமிடலில் ஈடுபாடு கொண்டவர், இவ்ரேயா நகர முதல்வர், நாடாளுமன்ற உறுப்பினர் எனப் பல துறைகளிலும் இயங்கினார். எனினும், மேசைமேல் வைத்துப் பயன்படுத்தும் ஒரு கருவியின் தோற்றத்தையும் பயன்பாட்டையும் தனித்தனியே முடிவு செய்யக் கூடாது என்னும் கொள்கையை ஒரு பெரிய நிறுவனத்தின் அன்றாட நடைமுறையாக ஆக்கியவர் என்பதாலேயே வடிவமைப்பு வரலாற்றில் இவர் பெயர் பெரிதும் பேசப்படுகின்றது. இவர் இறந்து 5 ஆண்டுகளுக்குப் பின்னர் வெளிவந்த புரோகிராமா 101 என்னும் மேசைக் கணினி இந்த நடைமுறையின் வழிவந்ததாகும்.

பிறப்பும் இளமையும்

அட்ரியானோ வடமேற்கு இத்தாலியின் பியெமோன்டே பகுதியிலுள்ள இவ்ரேயாவில் பிறந்தார். தந்தை கமில்லோ ஒலிவெட்டி யூதக் குடும்பத்தைச் சேர்ந்த மின்பொறியாளர். சோசலிசக் கருத்துகளில் பற்றுடையவர். தாய் லூயிசா ரெவெல் வால்டென்சியச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர். கமில்லோ 1908ஆம் ஆண்டு இவ்ரேயாவில் செங்கல் கட்டடம் ஒன்றில் ஒலிவெட்டி நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கு உருவான எம் 1 தட்டச்சுப்பொறி 1911இல் துரின் நகரில் நடைபெற்ற பன்னாட்டுக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. இத்தாலியில் தயாரிக்கப்பட்ட தட்டச்சுப்பொறிகளுள் தொழில்முறையில் நிலைபெற்ற முதல் பொறி இதுவே.

எம் 1 பொறியின் தோற்றம் குறித்துக் கமில்லோவுக்குத் தெளிவான கருத்து இருந்தது. அக்காலப் பொறிகள் பலவற்றில் பொன்வண்ணப் பூவேலைப்பாடுகள் காணப்பட்டன. தட்டச்சுப்பொறி வரவேற்பறைக்கான அலங்காரப் பொருள் அன்று என்றும், அது எளிமையும் கண்ணியமும் ஒருங்கே கொண்ட தோற்றம் உடையதாக இருக்க வேண்டும் என்றும் அவர் எழுதினார். மகனின் பிற்காலச் செயல்களுக்கான வித்து இங்கேயே காணப்படுகின்றது. ஆனால் தந்தையைப் பொறுத்தவரை நல்ல தோற்றம் என்பது தேவையற்றதை நீக்குவதோடு முடிந்தது. மகனோ அதற்கு மேலும் சென்றார்.

1914இல் அட்ரியானோவுக்கு 13 வயதானபோது, தந்தை அவரைத் தொழிற்சாலைக்கு வேலை செய்ய அனுப்பினார். நாள் முழுவதும் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை சிறுவனுக்கு வெறுப்பையே தந்தது. மனம் வேலையில் நிலைகொள்ளாமல் துன்புற்றதைப் பிற்காலத்தில் பதிவு செய்துள்ள இவர், நெடுங்காலம் தொழிற்சாலைப் பக்கம் திரும்ப விரும்பவில்லை. இவர் பின்னர் கட்டுவித்த தொழிற்சாலைகளில் சுவர்களுக்குப் பதிலாகக் கண்ணாடி இடம்பெற்றதையும் இந்த அனுபவத்தையும் இணைத்துப் பார்ப்போர் உண்டு. 1924இல் துரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேதிப்பொறியியல் பட்டம் பெற்ற பின்னரே குடும்ப நிறுவனத்தில் சேர்ந்தார். தந்தையின் விதிப்படி, அங்கும் முதலில் தொழிலாளியாகவே பணியாற்ற வேண்டியிருந்தது.

அட்ரியானோ பாவோலா லெவியை மணந்தார். இத்தாலிய எழுத்தாளர் நத்தாலியா கின்ஸ்பர்க் பாவோலாவின் தங்கை ஆவார். 1963இல் வெளியான அவரது குடும்ப நினைவு நூலில் அட்ரியானோவும் இடம்பெறுகின்றார்.

அமெரிக்கப் பயணம்

1925இல் அட்ரியானோ ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்று பல மாதங்கள் தங்கி, அங்குள்ள தொழிற்சாலைகளை ஆராய்ந்தார். பெரிய அளவிலான உற்பத்தியை விடவும், வேலை பகுக்கப்பட்டு ஒழுங்கமைக்கப்பட்ட முறையே அவரைக் கவர்ந்தது. நாடு திரும்பிய பின் பொருத்தும் பணியின் வரிசையை மாற்றியமைத்து, ஒரு பொறியை உருவாக்கத் தேவைப்பட்ட நேரத்தை வெகுவாகக் குறைத்தார்.

அது முசோலினியின் பாசிச ஆட்சிக் காலம். 1926இல் சோசலிசத் தலைவர் பிலிப்போ துராட்டி இரகசியமாக நாட்டைவிட்டு வெளியேறிய நிகழ்வில், அவரை மகிழுந்தில் ஏற்றிச் சென்றவர்களுள் அட்ரியானோவும் ஒருவர். அதே காலத்தில் தொழிற்சாலையை அரசின் கண்முன்னே நடத்தவும் வேண்டியிருந்தது.

வடிவமைப்பு ஒரு நடைமுறையாதல்

1931இல் அட்ரியானோவின் முன்முயற்சியால் நிறுவனத்துக்கென மிலான் நகரில் தனியான விளம்பரப் பிரிவு அமைந்தது. இதில் ஓவியர்கள், கட்டடக் கலைஞர்கள், கவிஞர்கள் ஆகியோர் பணிபுரிந்தனர். பொறியியல் கற்ற கவிஞரான லியோனார்தோ சினிஸ்கல்லி சில ஆண்டுகள் இப்பிரிவில் இருந்தார். 1936இல் சேர்ந்த வரைகலைஞர் ஜொவானி பின்டோரி, அடுத்த 30 ஆண்டுகளில் ஒலிவெட்டியின் சுவரொட்டிகளுக்குத் தனி அடையாளத்தை உருவாக்கினார்.

1932இல் வெளியான எம்பி 1, நிறுவனத்தின் முதல் கையடக்கத் தட்டச்சுப்பொறி ஆகும். எம் 1 பொறியில் உயரமாக வெளித்தெரிந்த உறுப்புகள் இதில் தாழ்வான உறைக்குள் அடங்கின. கறுப்பு மட்டுமே வழக்கமாக இருந்த பொருள், சிவப்பு, நீலம், பச்சை எனப் பல நிறங்களில் விற்கப்பட்டது. 1935இல் வந்த ஸ்டூடியோ 42 பொறியில் கட்டடக் கலைஞர்களான பிஜினி, பொல்லினி ஆகியோரும், பௌகௌஸ் கலைப்பள்ளியில் பயின்ற ஓவியர் சாண்டி ஷாவின்ஸ்கியும் பங்கேற்றனர். இவ்ரேயாவில் கண்ணாடி முகப்புடைய புதிய தொழிற்சாலைக் கட்டடங்களை வரைந்தவர்களும் பிஜினி, பொல்லினி இருவரே. 1938இல் அட்ரியானோ நிறுவனத்தின் தலைவரானார்.

பொறியியலாளர் கருவியை முடித்துத் தந்த பின்னர் அதன்மேல் அழகிய உறையொன்றைப் பூட்டுவதே அப்போது பல நிறுவனங்களில் வழக்கமாயிருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1930களில் பரவிய நீரோட்ட வடிவ மோகத்தில், ஓரிடத்திலேயே நிற்கும் கருவிகள்கூட விரைந்து ஓடுவன போன்ற உருவில் விற்கப்பட்டன. ஒலிவெட்டியில் வடிவமைப்பாளர் தொடக்கம் முதலே பொறியியலாளருடன் ஒரே மேசையில் அமர்ந்தார். நெம்புகோல் ஒன்றை எங்கு வைப்பது, உறையை எந்த இடத்தில் பிரிப்பது, பழுது நீக்குபவர் எதைக் கழற்ற வேண்டும் என்பவை இருவருக்கும் பொதுவான கேள்விகளாயின.

வடிவமைப்பாளர்களை நிறுவனத்தின் முழுநேர ஊழியர்களாக்கிவிடாமல், வெளியேயும் பணிபுரியும் ஆலோசகர்களாக வைத்திருந்தது மற்றொரு சிறப்பு. தொழிற்சாலைக்குள்ளேயே அடைபட்டவர், நாளடைவில் தொழிற்சாலைக்கு எளிதானதையே அழகு எனக் கொள்ளத் தொடங்கிவிடக்கூடும். வெளியே ஓவியமும் கட்டடமும் செய்பவர் பயன்படுத்துவோரின் உலகிலிருந்து வருகின்றார்.

நிட்சோலியின் பொறிகள்

இந்நடைமுறையின் சிறந்த விளைவுகள் மார்செல்லோ நிட்சோலியின் (1887–1969) கைவண்ணத்தில் வெளிவந்தன. ஓவியராகவும் விளம்பரக் கலைஞராகவும் அறியப்பட்ட நிட்சோலி, 1940இல் சும்மா கூட்டல் பொறியின் உறையை வடிவமைத்தார். ஜுசெப்பே பெச்சோ என்னும் பொறியியலாளருடன் இணைந்து இவர் உருவாக்கிய லெக்சிகோன் 80 தட்டச்சுப்பொறி 1948இல் வெளியானது. வண்ணப்பூச்சுடைய அலுமினிய உறை கொண்ட இப்பொறியில், தாளைத் தாங்கி இடமும் வலமும் நகரும் பகுதி, உடற்பகுதியோடு ஒரே வளைவாகத் தொடர்கின்றது. பார்வைக்கு ஒரு சிற்பம் போன்றிருப்பினும், அந்த வளைவு வெறும் அழகுக்கானது அன்று. உறை மூடியிருப்பதால் தூசியும் ஓசையும் குறைகின்றன. உறுப்புகள் பிரியும் கோடுகளை மறைக்க முயலாமல், அவற்றையும் வடிவத்தின் பகுதியாகவே நிட்சோலி வரைந்தார்.

1950இல் இருவரும் இணைந்து உருவாக்கிய லெத்தேரா 22 இன்னும் கடினமான சிக்கலைத் தீர்க்க வேண்டியிருந்தது. கையில் எடுத்துச் செல்லும் பொறி இலேசாக இருக்க வேண்டும். ஆனால் விசைகளை அழுத்தும்போது தளரக் கூடாது. தட்டையாக இருக்க வேண்டும். ஆனால் அதனுள்ளே அச்செழுத்துக் கைகள் எழுந்து தாளில் அடிக்க இடம் வேண்டும். முடிவில் ஏறத்தாழ 8 செ.மீ. உயரமும் 3.7 கி.கி. எடையும் கொண்ட பொறி உருவானது. அடுத்த வரிக்கு நகர்த்தும் நெம்புகோல், பயன்படுத்தாதபோது உடலோடு ஒட்டி மடங்கிக்கொள்ளும். சாம்பல், வெளிர்நீலம் போன்ற அமைதியான நிறங்களுக்கிடையே ஒரே ஒரு விசை மட்டும் செந்நிறத்தில் இருக்கும். செய்தியாளர்களும் எழுத்தாளர்களும் பயணங்களில் இப்பொறியை விரும்பிப் பயன்படுத்தினர். 1954இல் இத்தாலியின் கொம்பாசோ தோரோ வடிவமைப்பு விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது, விருது பெற்றவற்றுள் லெத்தேரா 22 ஒன்றாகும். 1959இல் இலினொய் தொழில்நுட்பக் கழகம் வடிவமைப்பாளர்களிடையே நடத்திய கணிப்பில், அதற்கு முந்தைய 100 ஆண்டுகளின் மிகச் சிறந்த வடிவமைப்புப் பொருளாக இது தேர்வு செய்யப்பட்டது.

அழகை மட்டும் கூறிப் பணத்தைக் கூறாமல் விடுவது முழுமையான வரலாறாகாது. அக்கால ஒலிவெட்டியின் பெரும் இலாபம் திவிசும்மா 14 என்னும் கணிப்பானிலிருந்து வந்தது. 1948இல் வெளியான இப்பொறி, நான்கு அடிப்படைக் கணக்குகளையும் செய்து விடையைத் தாளில் அச்சிட்டது. இதன் இயக்கமுறையை உருவாக்கிய நத்தாலே கப்பெல்லாரோ 1916இல் தொழிலாளியாகச் சேர்ந்தவர். பொறியியல் கல்வி பெறாதவர். அவரது திறமையைக் கண்டு அட்ரியானோ அவரை நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைமைக்கே உயர்த்தினார். இதன் உறையையும் நிட்சோலியே வடிவமைத்தார். உற்பத்திச் செலவைப் போலப் பல மடங்கு விலைக்கு விற்ற இப்பொறி ஈட்டிய பணமே, ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் பின்னர் மின்னணுவியல் ஆய்வுக்கும் துணையாயிற்று.

கடைகளும் ஐபிஎம் மீதான தாக்கமும்

1952இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ஒலிவெட்டியின் பொருட்கள், விளம்பரங்கள், கட்டடங்கள் ஆகியவற்றுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது. 1954இல் நியூயார்க்கின் ஐந்தாம் நிழற்சாலையில் ஒலிவெட்டியின் காட்சியகம் திறக்கப்பட்டது. பிபிபிஆர் என்னும் மிலான் கட்டடக் கலைஞர் குழு இதனை அமைத்தது. பொறிகள் பளிங்குத் தாங்கிகளின் மேல் வைக்கப்பட்டிருந்தன. கடைக்கு வெளியே நடைபாதையிலும் ஒரு தட்டச்சுப்பொறி நிறுத்தப்பட்டிருந்ததால், வழிப்போக்கர் எவரும் நின்று தட்டிப் பார்க்க முடிந்தது. தொட்டுப் பயன்படுத்திப் பார்க்காதவரிடம் அழகை மட்டும் காட்டி விற்பது இந்நிறுவனத்தின் வழியன்று என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

ஐபிஎம் நிறுவனத்தின் தலைவர் தாமஸ் வாட்சன் இளையவர், நியூயார்க்கிலிருந்த ஒலிவெட்டிக் கடையைக் கண்டு வியந்ததையும், நெதர்லாந்திலிருந்த ஐபிஎம் மேலாளர் ஒருவர் இரு நிறுவனங்களின் வெளியீடுகளையும் அனுப்பி ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னதையும் பின்னாளில் பதிவு செய்துள்ளார். ஒப்பீட்டில் தன் நிறுவனம் பின்தங்கியிருந்ததை அவர் உணர்ந்தார். 1956இல் கட்டடக் கலைஞர் எலியட் நோய்ஸ் ஐபிஎம்மின் வடிவமைப்பு ஆலோசகராகப் பொறுப்பேற்றார். நோய்ஸ் அழைத்து வந்தவர்களுள் ஐபிஎம்மின் எழுத்துச் சின்னத்தை வரைந்த போல் ராண்டும், சார்லஸ் ஈம்ஸும் அடங்குவர். கணினி உலகில் வடிவமைப்பு ஒரு துறையாக நிலைபெற்ற வரலாற்றின் ஒரு தொடக்கப்புள்ளி இவ்வாறு இவ்ரேயாவில் உள்ளது.

சமூக, அரசியல் பணிகள்

இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல் அட்ரியானோ கைது செய்யப்பட்டுச் சில வாரங்கள் சிறையில் இருந்தார். 1944இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் சென்றார். அங்கு எழுதி முடித்த அரசியல் நூல் 1945இல் வெளியானது. மிகப் பெரியதும் மிகச் சிறியதும் அல்லாத, மனிதர் ஒருவரையொருவர் அறியக்கூடிய அளவிலான சமூகங்களே ஆட்சியின் அடிப்படை அலகுகளாக வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. போருக்குப் பின் கொமுனித்தா என்னும் பதிப்பகத்தையும் இயக்கத்தையும் தொடங்கினார். 1956இல் இவ்ரேயாவின் நகர முதல்வரானார். 1958 பொதுத் தேர்தலில் அவ்வியக்கத்தின் சார்பில் வென்றவர் இவர் ஒருவர் மட்டுமே.

தொழிற்சாலையில் நூலகம், மழலையர் காப்பகம், மருத்துவமனை, தொழிலாளர் குடியிருப்புகள் ஆகியன அமைந்தன. 1950களின் பிற்பகுதியில் ஊதியத்தைக் குறைக்காமல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. நேப்பிள்ஸ் நகருக்கு அருகே பொட்சுவோலியில் கட்டடக் கலைஞர் லூயிஜி கொசென்சா வரைந்த தொழிற்சாலை 1955இல் திறக்கப்பட்டது. கடலை நோக்கிய அக்கட்டடத்தில், வேலை செய்வோர் சாளரங்களின் வழியே தோட்டத்தையும் குடாவையும் காண முடிந்தது. இவ்வகை ஏற்பாடுகளைத் தந்தைமை மனப்பான்மை எனக் குறை கூறியோரும் அக்காலத்தில் இருந்தனர்.

எலேயா 9003

மின்னணுவியலின் வருகை ஒலிவெட்டியின் எந்திரவியல் வெற்றிக்கு ஒரு சவாலாக அமைந்தது. 1952இல் ஐக்கிய அமெரிக்காவின் நியூ கேனனில் நிறுவனம் சிறு ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தது. 1954இல் இயற்பியலாளர் என்ரிக்கோ பெர்மி, பீசா பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த ஆராய்ச்சி நிதியைக் கணினி ஒன்றை உருவாக்கப் பயன்படுத்தலாம் எனப் பரிந்துரைத்தார். ஒலிவெட்டி அம்முயற்சிக்கு உதவியதோடு, பீசாவை அடுத்த பார்பரிச்சினாவில் தன் சொந்த ஆய்வுக்கூடத்தையும் தொடங்கியது. ரோம் நகரில் சீனப் பெற்றோருக்குப் பிறந்து, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பித்து வந்த மாரியோ சூ (1924–1961) என்னும் இளம் பொறியாளரிடம் இதன் தலைமை ஒப்படைக்கப்பட்டது. அட்ரியானோவின் மகன் ரொபேர்ட்டோ ஒலிவெட்டி இதன் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார்.

தொடக்க முன்மாதிரிகள் வெற்றிடக் குழல்களைக் கொண்டிருந்தன. ஆனால் மாரியோ சூவின் குழு துணிந்து திரிதடையங்களுக்கு (டிரான்சிஸ்டர்) மாறியது. இவற்றைத் தயாரிப்பதற்கென 1957இல் எஸ்ஜிஎஸ் என்னும் குறைகடத்தி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1959இல் அறிமுகமான எலேயா 9003, முழுவதும் திரிதடையங்களால் ஆன உலகின் முதல் வணிகக் கணினிகளுள் ஒன்றாகும். எலேயா என்பது மின்னணுக் கணிப்பொறி என்னும் பொருள்படும் இத்தாலியச் சொற்களின் சுருக்கம் ஆகும். அதே வேளையில், தென்னித்தாலியில் மெய்யியலாளர்கள் வாழ்ந்த பண்டைய கிரேக்கக் குடியேற்றத்தின் பெயரும் அதுவே.

கணினியின் தோற்றத்தை அமைக்கும் பணி எத்தோரே சொட்சாஸ் (1917–2007) என்பவரிடம் தரப்பட்டது. அறை முழுவதையும் நிரப்பும் கருவிக்கு வடிவம் தருவது அவருக்கும் புதிது. அன்றைய கணினிகளின் பேழைகள் ஆளுயரத்துக்கு மேல் எழுந்து, அறையைச் சுவர்களால் ஆன தடம் போல ஆக்கின. சொட்சாஸ் பேழைகளின் உயரத்தைக் குறைத்தார். பணிபுரிவோர் நின்றபடியே அவற்றின் மேலாக ஒருவரையொருவர் காணவும் பேசவும் முடிந்தது. வடங்களைத் தரைக்கு அடியில் புதைக்காமல், பேழைகளின் மேலே பாலங்கள் போன்ற குழாய்களில் கொண்டு சென்றார். இதனால் வாடிக்கையாளர் தமது கட்டடத்தில் உயர்த்தப்பட்ட தளம் அமைக்க வேண்டிய தேவை குறைந்தது. கணினியை விரிவாக்கும்போது பேழைகளை இடம் மாற்றுவதும் எளிதாயிற்று. கட்டுப்பாட்டு மேசையின் விசைகள் நிறங்களால் தொகுக்கப்பட்டிருந்தன. பார்ப்பவர் கண்ணுக்கு அந்த மேல்வழிப் பாலங்களே இக்கணினியின் தனி அழகு. ஆனால் அவை பிறந்தது வடம் போடுவதற்கான வழி தேடியபோதே என்பது குறிப்பிடத்தக்கது. 1959இல் எலேயா 9003 கொம்பாசோ தோரோ விருது பெற்றது. ஏறத்தாழ 40 கணினிகள் வாடிக்கையாளர்களைச் சென்றடைந்தன. மார்சோட்டோ நெசவு நிறுவனம் முதலாவதைப் பெற்றது.

சொட்சாஸ் இப்பணியை ஏற்றபோதும் தமது சொந்தக் கலையகத்தை விட்டுக் கொடுக்கவில்லை. நிட்சோலி காலத்து ஆலோசகர் முறை கணினிக் காலத்திலும் தொடர்ந்தது.

மறைவு

1959இல் ஒலிவெட்டி, ஐக்கிய அமெரிக்காவின் புகழ்பெற்ற அண்டர்வூட் தட்டச்சுப்பொறி நிறுவனத்தை வாங்கியது. அந்நாட்டில் விரிந்த விற்பனை வலையமைப்பைப் பெறுவதே நோக்கம். ஆனால் அண்டர்வூட்டின் தொழிற்சாலை பழமையடைந்திருந்ததால், அதனைச் சீரமைக்கும் செலவு எதிர்பார்த்ததைவிட மிகுதியாயிற்று.

பெப்ரவரி 27, 1960 அன்று மிலானிலிருந்து லொசானுக்குச் சென்ற தொடருந்தில், சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகருக்கு அருகே அட்ரியானோ திடீரென உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 58. இவ்ரேயாவில் அன்று ஆண்டுதோறும் நடைபெறும் கார்னிவல் விழாக் காலம். செய்தி எட்டியதும் விழா நிறுத்தப்பட்டது.

அடுத்த ஆண்டு நவம்பரில் மாரியோ சூ சாலை விபத்தில் இறந்தார். அண்டர்வூட் கடன் சுமையால் நிறுவனம் நெருக்கடிக்கு உள்ளானபோது, பியட், பிரெல்லி, வங்கிகள் ஆகியவை அடங்கிய குழுவொன்று 1964இல் நிறுவனத்தைக் காக்க முன்வந்தது. எதிர்காலமற்ற செலவு என அவர்கள் கருதிய மின்னணுவியல் பிரிவின் பெரும்பங்கு ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

புரோகிராமா 101

விற்பனைக்குப் பின்னும் பியர் ஜோர்ஜோ பெரோட்டோவின் தலைமையிலான மிகச் சிறிய குழுவொன்று ஒலிவெட்டியிலேயே எஞ்சியிருந்தது. அறை அளவிலான கணினியை மேசை அளவுக்குச் சுருக்குவது அவர்களின் இலக்கு. வல்லுநர் அல்லாத ஒருவர், தம் மேசையில் தாமே இயக்க வேண்டும் என்பதே பெரோட்டோவின் அடிப்படை நிபந்தனை. அந்நிபந்தனையே உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் தீர்மானித்தது. விலை உயர்ந்த காந்த வளைய நினைவகத்துக்குப் பதிலாக, எஃகுக் கம்பியில் துடிப்புகளாகத் தகவலைச் சுழலவிடும் நினைவகம் பயன்பட்டது. நிரல்களைச் சேமிக்கக் கையடக்கமான காந்த அட்டை உருவாக்கப்பட்டது. விடை தாள்சுருளில் அச்சாயிற்று.

வெளிவடிவத்தை அப்போது 30 வயதை எட்டாதிருந்த மாரியோ பெல்லினி அமைத்தார். தனித்தனிப் பேழைகள் இல்லாமல், விசைப்பலகை, அட்டை நுழைவாய், அச்சுப்பகுதி ஆகிய அனைத்தும் ஒரே உடலில், அமர்ந்திருப்பவரின் கை எட்டும் வரிசையில் அமைந்தன. உடற்பகுதி பயன்படுத்துபவரை நோக்கிச் சரிந்து, விளிம்பு கைகளுக்குத் தாங்கலாக முன்னே நீள்கின்றது. 35 கி.கி.க்கு மேற்பட்ட எடையுள்ள பொறியாயினும் பார்வைக்கு அச்சுறுத்துவதாக இல்லை.

1965 அக்டோபரில் நியூயார்க் அலுவலகக் கருவிக் கண்காட்சியில் 3,200 டாலர் விலையில் அறிமுகமான புரோகிராமா 101, ஏறத்தாழ 44,000 அளவில் விற்பனையானது. நாசா நிறுவனம் அப்பல்லோ திட்டக் கணக்குகளுக்கு இதனைப் பயன்படுத்தியது. ஹியூலட்-பேக்கர்டு நிறுவனம் தனது எச்பி 9100 மேசைக் கணிப்பானில் இதன் சில உத்திகளைக் கையாண்டமைக்காக ஏறத்தாழ 9,00,000 டாலர் உரிமத்தொகை வழங்கியது. உலகின் முதல் மேசைக் கணினி எனப் பலர் இதனைக் குறிப்பிடுகின்றனர். கணினி என்பதற்கான வரையறையைப் பொறுத்து இக்கூற்று மாறுபடும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பிற்காலம்

அட்ரியானோவுக்குப் பிந்தைய ஒலிவெட்டியின் எல்லாப் பொருட்களிலும் இச்சமநிலை காணப்பட்டதாகக் கூற முடியாது. 1969இல் சொட்சாஸ், பெர்ரி கிங் இருவரும் வடிவமைத்த வலென்டைன் என்னும் செந்நிற நெகிழித் தட்டச்சுப்பொறி அருங்காட்சியகங்களில் இடம்பெற்றது. ஆனால் உள்ளே இருந்தது ஏற்கெனவே விற்பனையிலிருந்த லெத்தேரா 32 பொறியின் இயக்கமுறையே. எதிர்பார்த்த அளவு அது விற்கவில்லை. 1982இல் வந்த எம் 20 தனிமேசைக் கணினியும் சொட்சாஸின் நேர்த்தியான வடிவம் கொண்டதே. எனினும் ஐபிஎம் கணினிகளுக்கான மென்பொருட்கள் அதில் இயங்காததால் வாங்குவோர் தயங்கினர். 1984இல் ஐபிஎம் ஒத்தியல்புடன் வெளியான எம் 24, நன்கு விற்பனையாகி, ஐக்கிய அமெரிக்காவில் ஏடி அண்டு டி நிறுவனத்தின் பெயரிலும் விற்கப்பட்டது.

வெனிஸ் நகரின் புனித மார்க் சதுக்கத்தில், அட்ரியானோவின் வேண்டுகோளுக்கிணங்கக் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பா அமைத்த ஒலிவெட்டிக் காட்சியகம் 2011 முதல் அருங்காட்சியகமாகத் திறந்துள்ளது. லெக்சிகோன் 80, லெத்தேரா 22, புரோகிராமா 101 ஆகியன நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளன. இவ்ரேயாவின் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் 2018இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன. சியெனா நகர வங்கியொன்றில் பணிபுரிந்த எலேயா 9003 கணினி ஒன்று, தொசுக்கானா பகுதியின் பிபியேனாவிலுள்ள தொழில்நுட்பப் பள்ளிக்கு வழங்கப்பட்டு அங்கு பாதுகாக்கப்பட்டு வந்துள்ளது.